ஜெராக்ஸ் கடை சிஸ்டத்துக்கு ‘லைட்’ விண்டோஸ் போடலாமா?

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ஈபி பில், பட்டா சிட்டா, ஆதார் பிரிண்ட், கொஞ்சம் டிடிபி வேலை. இரண்டு சிஸ்டம் இருக்கிறது. ஒன்று கோர் 2 டுயோ, ஜி31 போர்டு, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. டிடிபி எல்லாம் அதில்தான். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், தமிழ் அடிக்கும் வானவில் இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் குரோம் அப்டேட் ஆகாததால் பல தளங்கள் திறப்பதில்லை. இன்னொன்று மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் அதில் மாட்டியிருக்கிறது. காலையில் ஆன் செய்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சர்வீஸுக்கு வரும் தம்பி, “டைனி10, டைனி11, கோஸ்ட் ஸ்பெக்டர்னு லைட் விண்டோஸ் இருக்குக்கா, சிஸ்டத்துக்கு 500 ரூபா கொடுங்க, பறக்கும்” என்கிறார். பக்கத்துக் கடையில் போட்டுக் கொடுத்திருக்கிறார், நிஜமாகவே வேகமாக இருக்கிறது. புது சிஸ்டம் வாங்க இப்போது வசதியில்லை. போடலாமா சார்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

பக்கத்துக் கடை சிஸ்டம் பறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பறக்கத்தான் செய்யும், அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஊரார் ஆதாரும் பாஸ்புக்கும் வந்துபோகிற கடையில் அதைப் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். புது சிஸ்டமும் வாங்க வேண்டாம். இருப்பதையே இன்னும் சில வருஷம் ஓட்ட வழி இருக்கிறது. ஆனால் 500 ரூபாயில் முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த லைட் விண்டோஸ் என்பது என்ன? மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் விண்டோஸில் நமக்கு வேண்டாத சரக்கு நிறைய உண்டு. எக்ஸ்பாக்ஸ், ஒன்டிரைவ், வானிலை, செய்தி, நடுவில் எட்டிப்பார்க்கும் விளம்பரம். இவற்றைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது விண்டோஸ் நிறுவுகிற ஒற்றைக் கோப்பாகக் கட்டித் தருகிறார்கள். என்டிடெவ் என்ற பெயரில் இயங்கும் டெவலப்பர் 2023 பிப்ரவரியில் டைனி11-ஐ வெளியிட்டபோது, 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், டிஸ்க்கில் 8 ஜிபி இடம் போதும் என்றார். அதே விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் டைனி பக்கம் ஓடியதில் ஆச்சரியமே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியை, ஒரு சிப் இல்லை என்பதற்காகப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பச் சொல்வது எனக்கும் எரிச்சலான விஷயம்தான்.

கழற்றுவது எக்ஸ்பாக்ஸோடு நின்றிருந்தால் நானே போட்டுக் கொடுப்பேன். நிற்பதில்லை. பல பதிப்புகளில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இருக்காது. விண்டோஸ் அப்டேட் முடக்கப்பட்டிருக்கும், அல்லது அப்டேட் வந்தாலும் உள்ளே போய் உட்கார வேண்டிய பாகம் வெட்டப்பட்டிருப்பதால் பாதியில் தோற்றுப்போகும். ஏதாவது கோளாறு என்றால் சரிசெய்து எழுப்பும் ரிக்கவரி பகுதியையும் எடுத்துவிடுவார்கள். கோஸ்ட் ஸ்பெக்டரில் டிஃபெண்டர் இல்லாத பதிப்பு என்றே தனியாக உண்டு. டைனி11-லேயே ‘கோர்’ என்று இன்னும் சிறிய வகை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதைச் செய்தவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்: சோதித்துப் பார்க்கத்தான் அது, அன்றாட வேலைக்கு அல்ல, அப்டேட்டோ புது மொழியோ பிறகு சேர்க்க முடியாது. இங்கே சர்வீஸ் செய்யும் தம்பிகளின் பென் டிரைவில் இந்த எச்சரிக்கை மட்டும் காப்பி ஆவதில்லை.

இன்னொன்று, இந்தப் பதிப்புகள் பலவும் கேம் ஆடுபவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. திரையில் இன்னும் நாலு ஃப்ரேம் கூடக் கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கவலை. அதற்காகப் பின்னணியில் ஓடும் சேவைகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள். பிரிண்டருக்கு வேலையை வரிசையாக அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை அணைத்துவைத்த பதிப்புகளும் இருக்கின்றன. கேம் ஆடுகிறவருக்கு அது தண்டச் சுமை. உங்களுக்கு அதுதான் சோறு.

சரி, டிஃபெண்டர் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் என்ன ஆகும்? இது உங்களுக்குத் தெரிந்த காட்சிதான். காலேஜ் பையன் ஒருவன் பென் டிரைவை நீட்டுகிறான், “அக்கா, ப்ராஜெக்ட், கலர் பிரிண்ட்.” திறந்தால் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில், அதே பெயரில், மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட ஷார்ட்கட். நிஜ ஃபோல்டர் மறைந்து கிடக்கும். ஷார்ட்கட்டை இரண்டு தட்டு தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த நொடி உள்ளே இருக்கும் ஃபோல்டரும் திறக்கும். ஃபைல் கிடைத்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குள் அது உங்கள் சிஸ்டத்தில் குடியேறி, அடுத்து செருகுகிற ஒவ்வொரு பென் டிரைவிலும் தன்னை எழுதிக்கொண்டிருக்கும். டிஃபெண்டர் இருக்கும் சிஸ்டத்தில் இந்தப் பழைய வகை வைரஸ்கள் பெரும்பாலும் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். இல்லாத சிஸ்டத்தில், சாயங்காலத்துக்குள் ஊரில் இருக்கிற பள்ளிக்கூட ஆசிரியர், பஞ்சாயத்து கிளார்க், பத்திர எழுத்தர் எல்லோருடைய பென் டிரைவுக்கும் உங்கள் கடையிலிருந்தே போய்ச் சேரும். ‘அந்தக் கடையில கொடுத்தா வைரஸ் வரும்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் வியாபாரம் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் வேலை செய்பவர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விண்டோஸ் 10-இல் தமிழுக்கு நிர்மலா யுஐ எழுத்துரு மட்டும்தான் கூடவே வரும். லதா, விஜயா இரண்டும் துணை எழுத்துருக்கள் என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. தமிழ் மொழியைச் சேர்த்தால் விண்டோஸ் அப்டேட் வழியாக அவை இறங்கும். அப்டேட் வெட்டப்பட்ட சிஸ்டத்தில் இறங்காது. யாரோ லதாவில் அடித்துக் கொண்டுவந்த மனுவை நீங்கள் திறந்தால் வேறு எழுத்துருவில் வரும், வரிகள் இடம் மாறும், இரண்டு பக்க மனு மூன்றாம் பக்கத்துக்கு வழியும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக ஒரு தாளில் வந்து நிற்கும். அதேபோல எட்ஜ் பிரவுசரைத் தூக்கும்போது வெப்வியூ2 என்ற பாகமும் சேர்ந்து போய்விட்டால், அதை நம்பி ஓடுகிற செயலிகள் திறக்காது. கணினிக்கான இப்போதைய வாட்ஸ்அப் செயலி அப்படிப்பட்ட ஒன்று. பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் திறந்து சமாளிக்கலாம் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் தொல்லைகள். ஆபத்து என்று நான் நினைப்பது வேறு: அந்த ஐஎஸ்ஓ யார் கையால் கட்டப்பட்டது என்பது.

என்டிடெவ் போன்றவர்களை நான் சந்தேகப்படவில்லை. என்ன செய்கிறோம் என்று திறந்து காட்டித்தான் செய்கிறார்கள். ஆனால் தம்பியின் பென் டிரைவில் இருப்பது அவர் கட்டியதுதானா? யூட்யூப் வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க், டெலிகிராம் குழுவில் ஒரு லிங்க், அதை எடுத்து இன்னொருவர் ஆஃபீஸும் கிராக்கும் சேர்த்து மறுபடி கட்டியது என்று நாலு கை மாறி வந்திருக்கும். 2023 ஜூனில் டாக்டர் வெப் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இப்படி டோரண்டில் சுற்றிய சில விண்டோஸ் 10 ஐஎஸ்ஓக்களைப் பிரித்துப் பார்த்தது. கணினி எழும்போது முதலில் படிக்கிற இஎஃப்ஐ பகுதியைப் பயன்படுத்தி அதில் ஒரு திருட்டு நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. சாதாரண ஆன்டிவைரஸ்கள் பொதுவாக எட்டிப்பார்க்காத இடம் அது. பயனர் கிரிப்டோ பணப்பையின் முகவரியை காப்பி செய்யும்போது, பேஸ்ட் ஆவதற்குள் அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும். கண்டுபிடிப்பதற்குள் சுமார் 19,000 டாலர் மதிப்புள்ள கிரிப்டோ போயிருந்தது. உங்கள் கடையில் கிரிப்டோ இருக்காது. ஆனால் காப்பி செய்கிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிற நிரலுக்கு, நீங்கள் அடிக்கிற ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வாடிக்கையாளருக்கு வந்த ஓடிபியும் எட்டாத பொருள் அல்ல. விண்டோஸ் போட்ட பிறகு வந்த வைரஸைத் தேடிப் பிடிக்கலாம். விண்டோஸோடு சேர்ந்தே வந்ததை எதை வைத்துத் தேடுவீர்கள்?

லைட் விண்டோஸ் போட்டே தீர வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அசல் ஐஎஸ்ஓவை நீங்களே இறக்கி, டைனி11 பில்டர் என்ற ஸ்கிரிப்டை அதன் மேல் ஓட்டுவது. என்ன கழற்றுகிறது என்பது அந்த ஸ்கிரிப்டில் வரிவரியாகத் திறந்தே இருக்கிறது, விவரம் தெரிந்தவர் படித்துப் பார்க்கலாம். யாரோ கட்டிய மூட்டையை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கணினிக்கு நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஒன்று மட்டும்: இப்படிச் செய்தாலும் விண்டோஸ் உரிமம் தனியாக வேண்டும். டைனி என்பதால் இலவசம் ஆகிவிடாது. அதைத் தவிர்க்கப் போடுகிற கேஎம்எஸ் ஆக்டிவேட்டர்கள் இன்னொரு வைரஸ் வாசல். டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று அவை கேட்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

கூடவே ஒரு தகவல். உங்கள் கோர் 2 டுயோவில் டைனி11-இன் புதுப் பதிப்பு எழவே எழாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் பிராசஸரில் இருந்தாக வேண்டும். கோர் 2 டுயோவில் அவை கிடையாது. டிபிஎம் மாதிரி ஏமாற்றிக் கடக்கிற தடை இல்லை இது. சிலிக்கானிலேயே இல்லாததை எந்தத் தம்பியாலும் போட முடியாது.

இனி உங்கள் சிஸ்டங்களுக்கு வருவோம். நாளைக் காலை ஐ3-ஐ ஆன் செய்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். உங்கள் டீ நேரம் அங்கேதான் போகிறது. சுழலுகிற ஹார்ட் டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் எடுத்துத் தர முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் பல்லாயிரம் தடவை தரும். லைட் விண்டோஸ் வேகமாகத் தெரிவதற்குக் காரணமும் இதேதான்: படிக்க வேண்டிய கோப்புகளைக் குறைத்துவிடுகிறது. படிக்கிற வேகத்தையே கூட்டிவிட்டால் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆகவே முதல் செலவு எஸ்எஸ்டி. 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கிடக்கிறது என்பது தெரியும். ஆனாலும் இதற்கு மாற்று இல்லை. ஐ3-க்கு 240 அல்லது 256 ஜிபி, கோர் 2 டுயோவுக்கு 120 ஜிபி போதும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘என்விஎம்இ இதைவிட ஃபாஸ்ட்’ என்று நீட்டினால் வாங்காதீர்கள், உங்கள் இரண்டு போர்டிலும் அதைச் செருக இடமே கிடையாது. அடுத்து ஐ3-க்கு இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம். எச்61 போர்டில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட், ஒன்று காலியாகத்தான் இருக்கும். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் போதும், போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஜி31 போர்டு டிடிஆர்2. அதிகபட்சம் 4 ஜிபிதான் ஏற்கும். 2 ஜிபி துண்டு இரண்டு போடலாம், பழைய பார்ட்ஸ் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன.

பெட்டியைத் திறக்கிறபோதே போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள், சிஆர்2032 என்று கேட்டால் எலெக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது. ‘சைட் ஓப்பன் ஆகல’ என்று வருகிற பழைய சிஸ்டங்களில் சிலதுக்கு வைத்தியம் இந்த பேட்டரி மட்டும்தான். உங்கள் விண்டோஸ் 7 விஷயத்தில் அது மட்டும் காரணமாக இருக்காது. குரோமின் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-க்கு அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 7-க்கே மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது.

ஐ3-இல் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், புது எஸ்எஸ்டியில் புதிதாகப் போட்டு. ஐஎஸ்ஓ மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாக இறங்குகிறது. போர்டு மாறாததால், உங்கள் விண்டோஸ் அசலாக ஆக்டிவேட் ஆனது என்றால் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே என்றால், தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கேட்பதில்லை, வேண்டாம் என்றால் 30 டாலர். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் இணைப்பு தெரியும். நிறுவன நெட்வொர்க்கின் டொமைனில் சேர்த்த அலுவலகக் கணினிகளுக்கு இது கிடையாது. அவற்றுக்குத் தனி விலை, முதல் வருஷத்துக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு வருஷாவருஷம் இரட்டிப்பு.

அசல்தானா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அசெம்பிள் சிஸ்டம் என்றால் எனக்குச் சந்தேகம்தான். கிராக் என்றால் இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு, கீழே கோர் 2 டுயோவுக்குச் சொல்லப்போகிற, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையே ஐ3-க்கும் யோசியுங்கள். அசலாகவே இருந்தாலும் 2026 அக்டோபருக்குப் பிறகு அங்கேதான் வந்து சேர வேண்டும்.

‘எல்டிஎஸ்சி’ என்று இன்னொரு பெயரையும் தம்பி சொல்லக்கூடும். மைக்ரோசாஃப்டே கட்டித்தருகிற மெலிந்த விண்டோஸ் அது. ஸ்டோர் கிடையாது, சத்தமில்லாமல் ஓடும், அதன் விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை அப்டேட் உண்டு. பொருள் அருமையான பொருள். ஆனால் ஏடிஎம், பில்லிங் மெஷின் செய்கிற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கிற சரக்கு அது, சில்லறையில் விற்பதில்லை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற கீ எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

கோர் 2 டுயோ விஷயம்தான் எனக்குப் பிடித்தது. அதில் இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கையும் விண்டோஸ் 7-ஐயும் தொடவே வேண்டாம். பேஜ்மேக்கர், வானவில், நீங்கள் இத்தனை வருஷம் சேர்த்த அழைப்பிதழ் மாதிரிகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் 7-க்குள் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை மட்டும் டிசேபிள் செய்துவிடுங்கள். அதற்கு இனி இணையம் கிடையாது. புது 120 ஜிபி எஸ்எஸ்டியை அதே கேபினெட்டில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அதில் லினக்ஸ் மின்ட் போடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, இலவசம், உரிமம் கிராக் என்ற பேச்சே இல்லை. 2 ஜிபி ராமில் எழும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். டிடிபி வேலை வந்தால் ஆன் செய்யும்போது பூட் மெனுவில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள், விண்ணப்பம் நிரப்ப என்றால் மின்ட். மின்ட் போடும் நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள், முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டு முழிக்கிற கதைகளுக்கு இந்த ஒரு கேபிள்தான் மருந்து.

லினக்ஸ் என்றதும் பயப்படாதீர்கள். நம் ஊருக்கு அது புதிதல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பில், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பிள்ளைகள் கைக்கு வந்த வேகத்தில் அதை ஃபார்மட் அடித்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்பது என் கருத்து. உங்கள் வேலையில் பாதிக்கு மேல் பிரவுசருக்குள் நடக்கிறது. ஈபி பில், பட்டா சிட்டா, தேர்வு விண்ணப்பம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் விண்டோஸில் திறப்பது போலவே திறக்கும். தமிழுக்கு தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனடிக் மூன்று விசைப்பலகையும் ஐபஸ் என்ற கருவியில் கிடைக்கின்றன. லிப்ரே ஆஃபீஸில் வேர்டு கோப்புகள் திறக்கும். கோர் 2 டுயோவில் யூட்யூப் பெரிய அளவில் திணறும்; கடையில் அது நல்லதுதான்.

பென் டிரைவ் வைத்தியமும் இதிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் பென் டிரைவை முதலில் மின்ட் ஓடும் சிஸ்டத்தில் செருகுங்கள். அந்த ஷார்ட்கட் வைரஸ் விண்டோஸுக்கு எழுதப்பட்டது, இங்கே ஓடாது. விண்டோஸில் மறைந்து கிடந்த நிஜ ஃபோல்டர்களும் இங்கே வெளிப்படையாகத் தெரியும். ஷார்ட்கட்டுகளை அழித்துவிட்டு, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘போன ஃபைலை மீட்டுக் கொடுத்துட்டாங்க’ என்று பெயரும் கிடைக்கும்.

லினக்ஸ் எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எல்பிபி 2900 லினக்ஸில் படுத்தும். கேனன் அதற்கு டிரைவர் வெளியிட்டிருக்கிறது, ஆனால் அதை நிறுவி நிலையாக ஓடவைப்பது தலைவலி. பிரிண்டரை ஐ3-இன் விண்டோஸிலேயே விட்டுவைத்து, மின்ட்டில் செய்ததை பிடிஎஃப் ஆக்கி அங்கே அனுப்பி எடுங்கள். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். ஹெச்பி மாடல்கள் பலவும் சிரமமில்லாமல் ஓடுகின்றன. கைரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவை இருந்தால் அவையும் விண்டோஸ் பக்கமே இருக்கட்டும். வானவில்லின் கீபோர்டு மென்பொருளும் விண்டோஸுக்கானதுதான், அதனால்தான் அந்த டிஸ்க்கைத் தொட வேண்டாம் என்றேன்.

போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு. மின்ட்டை பென் டிரைவிலிருந்தே, எதையும் நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை ஓய்வாக இருக்கும்போது தம்பியை வரச்சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகத் திறக்கிற தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி விண்டோஸ் 7 நிற்கும்.

தம்பியை விரட்டிவிடாதீர்கள். எஸ்எஸ்டி மாட்டுவது, அசல் விண்டோஸ் 10 போடுவது, மின்ட் போடுவது எல்லாம் அவருக்குத் தெரிந்த வேலைதான், அந்த 500-க்கு மேல் கேட்டாலும் கொடுங்கள். ஐஎஸ்ஓ மட்டும் அவருடைய பென் டிரைவிலிருந்து வேண்டாம். உங்கள் கடை இணையத்தில், உங்கள் கண் முன்னால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தும் லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்தும் இறக்கச் சொல்லுங்கள். மின்ட் தளத்தில் கோப்போடு எஸ்எச்ஏ-256 என்ற நீளமான சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள், இறக்கிய கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.

அவர் வருவதற்கு முன் இரண்டு சிஸ்டத்திலும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு ஐ3-இல் இறக்கி, உங்கள் சொந்த பென் டிரைவில் கொண்டுபோகலாம். டிஸ்க்கின் நலம் நீல நிறத்தில் இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தால் அந்த டிஸ்க் இறங்குமுகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே அழைப்பிதழ் மாதிரிகளையும் எழுத்துரு ஃபோல்டரையும் பேஜ்மேக்கர் நிறுவுகிற சிடியின் நகலையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, மற்ற வேலையைப் பிறகு பாருங்கள்.